சட்டைக் கை உள்ளே மடிந்த மாதிரி ஒரு குடல்

என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்பு அதற்குள் இருந்தது பச்சரிசி. பிளவுஸ் தைத்துக்கொண்டே பிடி பிடியாக எடுத்து வாயில் போட்டு மெல்லுவேன். ஒரு நாளைக்கு ஒரு சுண்டு அரிசி போய்விடும். மாமி பார்த்துவிட்டு, "அரிசி திண்டால் கலியாணத்தில மழை பெய்யும்" என்று சிரிப்பா. எனக்குக் கல்யாணமாகி 22 வருஷம். இனிப் பெய்தால் மகளின் கல்யாணத்தில்தான் பெய்ய வேண்டும்.

அரிசி, ஐஸ்கட்டி, மண் என்று சாப்பாடல்லாத ஒன்றின் மேல் ஆசை வந்தால் உடம்பில் இரும்பு குறைந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வருஷமாவது மிச்சமாகியிருக்கும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். தைப்பதுதான் தொழில். ஆவணி முகூர்த்தக் காலத்தில் இரவு ஒரு மணி வரைக்கும் மெஷின் ஓடும். அந்த வருஷம் மட்டும் ஒன்பது மணிக்கே கண் சொருகியது. மூன்றாம் மாடிக்குப் படியேறினால் நெஞ்சு படபடத்தது. அளவு கொடுக்க வந்த பிள்ளை ஒருத்தி, "என்ன அக்கா, இப்படி வெளிறிப் போயிருக்கிறியள்?" என்று கேட்ட பிறகுதான் இரத்தம் சோதித்தேன். ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

முதலில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, பார்த்த டொக்டரின் பெயர் வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாதவிலக்கு அதிகமாப் போகுதா?" எனக்கு அப்போது 46 வயது. கொஞ்சம் அதிகம்தான் என்றேன். அத்தோடு காரணம் கிடைத்துவிட்டது, இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இரத்தச் சோகை என்றால் யாருக்கும் முதலில் நினைவு வருவது இதுதான். எனக்கும் அப்படியே. ஏற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

குளிசை போட்டேன், மூன்று மாதத்தில் 11க்கு ஏறியது. நிறுத்தினேன். ஆறு மாதத்தில் மறுபடியும் 8. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றே சொல்கிறேன், ஏனென்றால் முழுக் கதையின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது. குளிசையால் ஏறி, நிறுத்தியதும் இறங்குகிறதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் நாம் குழாயைக் கூட்டித் திறப்பதில்லை, வாளியைத் தூக்கிப் பார்ப்போம். என் விஷயத்தில் எல்லாரும் குழாயைத்தான் திறந்துகொண்டிருந்தோம்.

என் பங்குக்கு நானும் ஒரு மடத்தனம் செய்தேன். குளிசையைக் காலைப் பிளேன்டீயோடு விழுங்கினேன். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டிருந்தால் நன்றாகச் சேர்ந்திருக்கும். இதைச் சொன்னது டொக்டர் இல்லை, பாமசியில் நின்ற பையன்.

இன்னொன்று, கொஞ்சம் அசிங்கமான விஷயம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது வழமை. அதனால் கறுப்பாகப் போனதை நான் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் குளிசைக் கறுப்பு வேறு, இரத்தக் கறுப்பு வேறு. குளிசைக் கறுப்பு கரும்பச்சையாக, கட்டியாக இருக்கும். குடலுக்குள் இரத்தம் கசிந்து வருவது தார் மாதிரி ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் இலேசில் போகாது, நாற்றமும் தனி. குளிசை நிறுத்தியிருந்த மாதங்களிலும் எனக்கு இடைக்கிடை அப்படிப் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம், பாஷை இன்னொன்று. எனக்குத் தெரிந்த சிங்களம் புறக்கோட்டையில் துணிக்கும் நூலுக்கும் பேரம் பேசுகிற சிங்களம். 'களு' என்றால் கறுப்பு என்று தெரியும், கறுப்பு நூலே எத்தனை றோதை வாங்கியிருக்கிறேன். ஆனால் தார் போல ஒட்டுகிறது, மூன்று நாளாகப் போகிறது, குளிசை போடாத நேரத்தில் போகிறது என்று ஒரு டொக்டரிடம் சொல்ல அந்தச் சிங்களம் போதாது. இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, போவதற்கு முதல் நாள் பிள்ளைகளிடம் சொல்லி நாலு வரியைச் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ எழுதுவித்துக்கொண்டு போங்கள். வெட்கப்படுகிற விஷயமென்றால் அந்தத் துண்டை அப்படியே நீட்டலாம், வாய் திறக்கவே தேவையில்லை.

இரண்டாவது டொக்டர் வாயால் கமரா விட்டுப் பார்த்தார். இலேசான காஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி என்றார். கொழும்பில் யாருக்குத்தான் அது இல்லை! முதுகு வலிக்குப் போட்டு வந்த டைக்ளோபினாக்கை நிறுத்தச் சொன்னார். அது நல்ல அறிவுரை, அந்தக் குளிசை குடலையும் புண்ணாக்கும். பிறகு பின்பக்கத்தாலும் கமரா விட்டார்கள். முதல் நாள் இரவெல்லாம் அந்த உப்புக் கரைசலைக் குடித்துக் குடித்துக் கக்கூசிலேயே குடியிருந்ததுதான் மிச்சம். பெருங்குடல் சுத்தமாக இருந்தது.

மேல் கமரா இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலோடு நிற்கும். கீழ்க் கமரா பெருங்குடல் முழுக்கப் போய், சிறுகுடலின் வால் நுனியை மட்டும் தொட்டுவிட்டு வரும். நடுவில் கிட்டத்தட்ட ஆறு மீற்றர் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. முன்கதவையும் பின்கதவையும் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஆளில்லை என்று சொன்ன மாதிரி. அந்த நடுப்பகுதியைப் பார்ப்பதற்கென்றே விழுங்குகிற கமரா ஒன்று 2001இலேயே வந்துவிட்டது. 26 மில்லிமீற்றர் நீளம், பெரிய விற்றமின் குளிசை அளவு. ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் படமெடுத்துக்கொண்டு குடலோடு போய்த் தானாக வெளியே வந்துவிடும். ஆனால் குடலில் அடைப்பு இருக்குமென்று சந்தேகப்பட்டால் இலேசில் கொடுக்க மாட்டார்கள், அந்தக் கமராவே போய்ச் சிக்கிக்கொள்ளும். எனக்கு அடைப்பின் அறிகுறிகள் அதற்குள் தொடங்கியிருந்தன.

சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் முறுக்கிப் பிடிக்கும். அலை அலையாக வரும். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். வயிறு உருளுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். பத்து நிமிஷமோ ஒரு மணித்தியாலமோ கழித்து, முடிச்சு அவிழ்ந்த மாதிரிச் சட்டென்று விட்டுவிடும். விட்ட பிறகு ஒன்றுமே இல்லை, எழும்பித் தைக்கப் போய்விடலாம். ஸ்கேன் எடுக்க நாள் கிடைத்தது ஒன்பது நாள் கழித்து. அன்றைக்கு வலியில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "வாய்வாத்தான் இருக்கும், பருப்பைக் குறையுங்கோ" என்றார்கள்.

பருப்பைக் குறைத்தேன். ஆனால் ஒன்று செய்தேன், அதை மட்டும் இப்போதும் பெருமையாகச் சொல்வேன். தையற்காரிக்கு எழுதி வைக்காமல் ஒன்றும் நினைவில் நிற்காது. அளவுக் கொப்பியில் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்கினேன். திகதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனைக்கு விட்டது, என்ன சாப்பிட்டேன், சத்தி வந்ததா, மலம் என்ன நிறம். நாலு மாதத்தில் 31 தரம். முன்பக்கத்திலிருந்து மார்பும் தோளும் வந்துகொண்டிருந்தன, பின்பக்கத்திலிருந்து என் வயிறு.

32ஆம் தரம் விடவில்லை. ஒரு சனிக்கிழமை, இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு பிடித்தது, நள்ளிரவாகியும் இறங்கவில்லை. பச்சையாகச் சத்தி எடுத்தேன். வயிறு ஊதிக்கொண்டு வந்தது. மகன் ஓட்டோ பிடித்துத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனான். நான் போகும்போதே கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "அம்மா, இப்ப என்னத்துக்கு அது?" என்று அவன் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது.

அங்கே இருந்த இளம் டொக்டர் மட்டக்களப்புப் பிள்ளை. கொப்பியைப் புரட்டினா, புரட்டினபடியே நிமிர்ந்து, "இதெல்லாம் ஒரே மாதிரி வலியா?" என்று கேட்டா. பிறகு ஒரு விசித்திரமான வேலை செய்தா. என் கீழுதட்டைப் பிரித்து டோர்ச் அடித்துப் பார்த்தா. உதட்டிலும் வாய்க்குள்ளும் கறுப்புப் புள்ளிகள் இருந்து, குடலில் நிறையக் கட்டிகள் வருகிற ஒரு பரம்பரை நோய் இருக்கிறதாம். பியூட்ஸ், ஜெகர்ஸ் என்ற இரண்டு டொக்டர்களின் பெயர் அதற்கு. எனக்குப் புள்ளி இல்லை. இருந்திருந்தால் என் பிள்ளைகளையும் பார்த்திருப்பார்கள்.

வலி இருக்கும்போதே சிரி (CT) ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் வட்டத்துக்குள் வட்டம், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி. குடல் குடலுக்குள் நுழைந்திருக்கிறது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அவர் சிங்களவர், பாதி சிங்களம் பாதி இங்கிலிஷில் சொன்னதை அந்தப் பிள்ளை தமிழாக்கினா. நான் கேட்டேன், "சட்டைக் கையைக் கழட்டேக்க உள்பக்கம் மடிஞ்சு போய் நிக்குமே, அப்பிடியா?" அவ சிரித்துவிட்டு அவருக்குச் சொன்னா. அவர் தன் வெள்ளைக் கோட்டின் கையையே பிடித்து உள்ளே தள்ளிக் காட்டினார். அதுவேதான்.

சட்டைக் கை தானாக மடியாது, ஏதாவது பிடித்து இழுக்க வேண்டும். குடலும் அப்படித்தான். உள்சுவரில் ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தால், சாப்பாட்டைத் தள்ளுகிற குடல் அந்தக் கட்டியையும் சாப்பாடென்று நினைத்து முன்னே தள்ளும். கட்டி போகிறபோது ஒட்டியிருக்கிற சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சில நேரம் தானாகத் திரும்பி வந்துவிடும். என்னுடைய 31 தரமும் அதுதான். திரும்பி வந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? இந்த நோயில் நூற்றுக்கு 95 பேர் குழந்தைகள், அவர்களுக்குப் பெரும்பாலும் காரணமே கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளே ஏதோ ஒன்று இருக்கும், அதனால் தேடியே ஆக வேண்டும்.

"கட்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே வார்த்தை: "மகரகமவா?" இலங்கையில் இருப்பவர்களுக்கு விளங்கும். கான்சர் என்று வாயால் சொல்ல மாட்டோம், கான்சர் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரைச் சொல்வோம்.

டொக்டர் திரையில் கட்டியின் நடுவில் புள்ளி வைத்து ஒரு எண்ணைக் காட்டினார். மைனஸ் 90க்குக் கிட்ட. சிரி ஸ்கேனில் தண்ணீருக்குப் பூச்சியம். காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி நிற்கும். கட்டி முழுக்க ஒரே சீராக அந்த எண் வந்தால் அது அநேகமாக வெறும் கொழுப்புக் கட்டி, லிப்போமா. தோலுக்குக் கீழே சிலருக்கு உருண்டையாக இருக்குமே, அதே சாதி. குடலில் வருவது அரிது, அதிலும் வலியும் இரத்தக் கசிவும் தருமளவுக்கு வளர்வது இன்னும் அரிது. இரண்டு சென்ரிமீற்றர் தாண்டினால்தான் பொதுவாகச் சேட்டை காட்டத் தொடங்கும். என்னுடையது நாலுக்குக் கிட்ட.

அப்படியென்றால் ஏன் வெட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். கான்சர் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றுதான் யாரும் நினைப்போம். வேறு எதற்கோ கமரா விடும்போது பெருங்குடலில் தற்செயலாகக் காண்கிற சின்னக் கொழுப்புக் கட்டியைச் சும்மா விடுவதும் உண்டாம். என்னுடையது அப்படியில்லை. ஒவ்வொரு தரமும் நுழைந்து நெரிபடுகிறது, நெரிபட்டால் அந்தத் துண்டுக் குடலுக்கு இரத்தம் போகாது, அழுகினால் உயிருக்கே ஆபத்து. "இண்டைக்கு அவிழ்த்து விட்டாலும் அடுத்த மாசம் திரும்பி வருவீங்க" என்றார். கையெழுத்து வைத்தேன்.

இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள், மூக்கால் ஒரு குழாய் போட்டார்கள், விடிந்ததும் ஒப்பரேஷன். சின்ன ஓட்டைகள் போட்டுக் கமராவால் பார்த்து, தொப்புளடியில் கொஞ்சமாக வெட்டி, அந்தத் துண்டை வெளியே எடுத்துச் செய்தார்கள். 15 சென்ரிமீற்றர் குடலை வெட்டி எடுத்து இரண்டு நுனியையும் பொருத்தித் தைத்தார்களாம். 15 சென்ரிமீற்றர் என்றால் என் கணக்கில் ஆறு அங்குலம், ஒரு சாதாரண பிளவுஸ் கையின் நீளம். ஆறு மீற்றர் துணியில் அது ஒன்றுமேயில்லை. விற்றமின் பி12ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. என் கட்டி அதற்கு மேலே இருந்ததால் அந்தப் பகுதி தப்பியது. அதை நிறைய வெட்டினால் காலமெல்லாம் ஊசி போட வேண்டி வருமாம். எந்த இடத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்டு, வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் காட்டில் எழுதிவித்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறொரு டொக்டருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.

எத்தனை தையல் என்று கேட்டேன். தொழில் புத்தி! சுற்றிவர உள்ளே ஒரு வரிசை, சின்னச் சின்னத் தையலாக, நூல் தானாகக் கரைந்துவிடும் என்றார். இறுக்கிக் கட்டினால் துணி செத்துப் போகும், தளர்த்தினால் ஒழுகும். அவருக்கும் எனக்கும் ஒரே பிரச்சினைதான்.

வார்ட்டில் மூன்று நாளும் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்றுதான். காலையும் மாலையும் மிஸி, அதுதான் நர்ஸ், வந்து வார்ட் முழுக்கக் கேட்கும்படி, "ஹுளங் கியாத?" என்பா. காற்றுப் பிரிந்ததா என்று. குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் சாட்சி. மூன்றாம் நாள் விடியற்காலை பிரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மோதரை அன்ரிதான் எனக்கு முதல் அதை மிஸிக்கு அறிவித்தா. அதன் பிறகு வாய் நனைக்கத் தண்ணீர், பிளேன்டீ, அப்புறம் கஞ்சி. கட்டிலால் இறங்கி நடக்கச் சொன்னால் நடந்துவிடுங்கள். வலிக்கும்தான், ஆனால் படுத்தே கிடந்தால் காற்றுப் பிரிய இன்னும் நாளாகலாம்.

வெட்டியெடுத்ததை அந்தப் பிள்ளை தன் போனில் காட்டினா. பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். பெரிய நெல்லிக்காய் அளவு. வெளியே இளஞ்சிவப்பு, வெட்டுவாயில் கோழித் தோலுக்குக் கீழே இருக்குமே, அந்த மஞ்சள். நுனியில் ஒரு சதம் அளவுக்குப் புண். இரண்டு வருஷமாக என் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டை அதுதான். மாதவிலக்கு இல்லை, காஸ்ட்ரைட்டிஸ் இல்லை, பருப்பு இல்லை.

பரிசோதனை றிப்போட் வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமை ஒப்பரேஷனை விடக் கஷ்டம். எண் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை நுணுக்குக்காட்டிக்குத்தான். சிறுகுடலில் வருகிற தீங்கில்லாக் கட்டிகளில் தசைக் கட்டி உண்டு, இரத்தக் குழாய்க் கட்டி உண்டு, 1949இல் வானெக் என்பவர் முதலில் விவரித்ததால் அவர் பெயராலேயே சொல்லப்படுகிற நார்க் கட்டியும் உண்டு. அந்த வானெக் கட்டியும் சிறுகுடலில் இருந்தால் பெரும்பாலும் இப்படி மடிந்துதான் வெளியே தெரியவரும். பெரியவர்களுக்குச் சிறுகுடல் மடிந்தால் காரணம் பெரும்பாலும் தீங்கில்லாததுதான், பெருங்குடல் மடிந்தால்தான் கான்சர் பயம் கூட. இதை அந்தப் பிள்ளை சொல்லித் தந்தது எனக்கு ஆறுதலுக்கு, நான் வீட்டுக்காரருக்குச் சொன்னது அவரைத் தூங்க வைக்க. றிப்போட்டில் முதிர்ந்த கொழுப்புக் கலங்கள், மேலே புண், கான்சர் இல்லை என்று இருந்தது. போட்டோக் கொப்பி மூன்று எடுத்து ஒன்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

இப்போது வெள்ளவத்தையில் யாருக்காவது வயிற்றுக்குத்து என்றால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள், நான் என்னவோ டொக்டர் மாதிரி. போன மாதம் வந்தவர் 58 வயது ஆம்பிளை, புறக்கோட்டையில் கடை, ஹீமோகுளோபின் 9. "மாட்டு ஈரல் சாப்பிடச் சொல்லியிருக்கினம்" என்றார். அண்ணை, உங்களுக்கு மாதவிலக்கும் இல்லையே, இரத்தம் எங்கே போகிறதென்று முதலில் கேளுங்கோ என்று சொன்னேன். இரண்டு பக்கக் கமராவும் வைத்துப் பார்க்கும் வரைக்கும் ஈரல் கடைக்குப் போக வேண்டாம் என்றேன். இன்னொருத்திக்கு என்னுடையது மாதிரி வந்து போகிற வலி. அவவுக்குச் சொன்னது ஒன்றுதான். நாள் குறித்து ஸ்கேன் எடுத்துப் பிரயோசனமில்லை, வலிக்கிற நேரத்தில் அவசரப் பிரிவுக்குப் போங்கோ, போகேக்க கொப்பியைக் கொண்டு போங்கோ.

ஆறு கிழமை பாரம் தூக்க வேண்டாம் என்றார்கள். நாலாம் கிழமையே மெஷினில் இருந்துவிட்டேன், அதற்குக் கிளினிக்கில் ஏச்சும் வாங்கினேன். இரும்புக் குளிசை ஆறு மாதம், தேசிக்காய்த் தண்ணீரோடு. நிறுத்தி இப்போது ஒரு வருஷமாகிறது. போன கிளினிக்கில் ஹீமோகுளோபின் 12.8.

பச்சரிசி ஆசை எப்போது போனதென்று தெரியவில்லை. ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் அரிசியில் வண்டு. கொட்டிக் கழுவிக் காயவைத்து, இப்போது அதில் பிளவுஸ் கொளுக்கி போட்டு வைத்திருக்கிறேன்.